கொல்லுப் பட்டறைக்கு ஏற்ற மோட்டார்

(சீர்காழி வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

அறுவடை இயந்திரம் வந்த பின்னர் அரிவாளின் வேலை குறைந்துவிட்டது உண்மையே. ஆயினும், மழையில் சாய்ந்து சேற்றில் கிடக்கும் சம்பாப் பயிருக்குள் டயர் வண்டி இறங்க இயலாது. அப்போது கதிர் அரிவாளே கைகொடுக்கிறது. வரப்புப் புல்லுக்கும் வாழைத் தாருக்கும் தென்னை மட்டைக்கும் கூரிய கருவி எந்நாளும் வேண்டும். ஆகவே, ஊர்க் கொல்லர் தொழிலை விட்டுப் போகாமல் காப்பதும் விவசாய அபிவிருத்தியின் ஒரு பகுதியே ஆகும்.

கொல்லரின் உழைப்பைக் குறைக்கும் கருவிகளில் பெல்ட் சாணை சிறந்தது. உப்புத்தாள் போன்ற நாடா ஒன்று சக்கரங்களின்மீது ஓடி இரும்பைத் தேய்க்கிறது. அரத்தால் நெடுநேரம் செய்யும் வேலை இதில் விரைவில் முடிகிறது. ஆனால், வேகம் மிகுந்தால் கருவியின் மெல்லிய வாய் சூடேறிவிடும். தேய்க்கும்போது உருக்கு வைக்கோல் நிறம் அடைந்தால் வெப்பம் ஏறக்குறைய 220 டிகிரி; நீல நிறம் அடைந்தால் ஏறக்குறைய 300 டிகிரி. வாய் நீலமாயிற்றென்றால், கொல்லர் உலையில் காய்ச்சி, தோய்த்து ஏற்றிய உறுதி அங்கே இளகிவிட்டது என்று பொருள். பளபளப்பாகத் தோன்றும் அத்தகைய அரிவாள் வயலில் வெகு சீக்கிரம் மழுங்கும். பருமனான இரும்பைத் தேய்க்க விரைவும், வாய் தீட்ட நிதானமும் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே மோட்டாரில் பெறுவது எப்படி?

மிகவும் சிக்கனமான வழி படிக்கப்பி ஆகும். வெவ்வேறு அளவுள்ள கப்பிகளில் பெல்ட்டை மாற்றி மாட்டினால் இரண்டு மூன்று வேகங்கள் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் பொறியை நிறுத்த வேண்டும் என்பதே இதிலுள்ள குறை.

வேகத்தை விருப்பம்போல் கூட்டிக் குறைக்க விரும்புவோர், மூன்று பேஸ் மோட்டாரும் வி.எஃப்.டி. என்னும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வாங்கலாம். 230 வோல்ட் ஒற்றை பேஸ் மின்சாரத்தைப் பெற்று மூன்று பேஸாக மாற்றித் தரும் சிறு பெட்டிகள் கிடைக்கின்றன. ஆதலால் பட்டறைக்கு மூன்று பேஸ் இணைப்பு அவசியமில்லை. 50 ஹெர்ட்ஸில் 1,440 சுற்று ஓடும் மோட்டார், 25 ஹெர்ட்ஸில் ஏறக்குறையப் பாதி வேகத்தில் ஓடும். அதன் தண்டில் 4 அங்குலச் சக்கரம் பூட்டினால், நாடா முழு வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 7.6 மீட்டரும், பாதி வேகத்தில் 3.8 மீட்டரும் ஓடும். அரிவாள் தீட்டும் வேலைக்கு 1 குதிரைத் திறன் போதும்.

செலவைக் குறைக்கப் பழைய மோட்டாரை வாங்கலாம். ஆனால் வாங்குமுன் அதன் தகட்டைப் படிக்க வேண்டும். 415 வோல்ட் ஸ்டார் இணைப்புள்ளதாய், ஆறு முனைகளும் வெளியே உள்ள மோட்டாரை டெல்டாவாக மாற்றினால் 240 வோல்ட்டுக்குப் பொருந்தும். 415 வோல்ட் டெல்டா மோட்டார் இந்தச் சிறு பெட்டியுடன் முழுத் திறன் தராது. கப்பாசிட்டர் வைத்த ஒற்றை பேஸ் மோட்டாரை இப்பெட்டியுடன் இணைத்தால் அது சுருண்டு எரிய நேரலாம். மின்விசிறி ரெகுலேட்டரும் இதற்கு உதவாது.

இரும்புத் தூள் புகாத, முழுதும் மூடிய மோட்டாரே தக்கது. பெட்டியையும் தூள் படாதவாறு வைத்து, காற்றோட்டம் தர வேண்டும். மிகக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால், தண்டிலுள்ள விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் மோட்டார் சூடேறும். நில இணைப்பு இன்றி இயக்குதல் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பெட்டிக்குள் மின்னழுத்தம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். ஆகவே உடனே திறத்தல் ஆகாது. தீட்டுவோர் கண்ணாடி அணிதல் வேண்டும்.

நம் வட்டாரத்திற்கு மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை பெய்ததை நாம் மறக்கவில்லை. வெள்ளம் எட்டாத உயரத்தில் பெட்டியைச் சுவரில் பொருத்துவது நலம். மோட்டாரையும் மேடையின் மேல் வைத்தால் நனையாது.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை சில உள. வயல் பம்புக்குரிய இலவச மின் இணைப்பிலிருந்து பட்டறைக்கு மின்சாரம் எடுப்பதைத் தடுத்து, முறையான இணைப்புப் பெறக் கொல்லருக்கு உதவலாம். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு கைவினைஞர்களுக்கெனக் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியபோது, 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவிகிதம், அதிக அளவாக 50,000 ரூபாய் வரை மானியமும் அறிவிக்கப்பட்டன. தம் தொழில் அதில் அடங்குமா, இன்றைய விதிகள் யாவை என்பவற்றை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்த பின்னரே கொல்லர் பொறி வாங்க வேண்டும். கடனில் வாங்கிய பொறி வேலையின்றி நின்றால் அவரே நலிவார். ஆகையால் விவசாயிகளும் தம் கருவிகளை அறுவடைக்கு முன்னரே உள்ளூர்ப் பட்டறையில் கொடுத்துத் தீட்டிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.