விமான நிலைய வேலையும் வீட்டில் இருக்க வேண்டிய பத்திரங்களும்

(திருவிழாவை முன்னிட்டுச் செலண்டாரில் நடைபெற்ற இளைஞர் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இந்த மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். செலண்டாரிலிருந்து மட்டுமல்ல, ஆசகான், ஞாலாஸ், பத்தாங் மலாக்கா பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். அண்மைக் காலமாக இளைஞர்கள் அதிகமாகக் கேட்பது ஒன்றுதான்: "சார், ஏர்போர்ட் வேலைக்கு எழுதிப் போடணும்." ஆகவேதான் நிர்வாகத்தினர் இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்தார்கள்.

செம்பனை நின்ற இடம்

1998ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. அதற்கென ஒதுக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர். அதில் பெரும் பகுதி செம்பனை நின்ற நிலம். 2014ஆம் ஆண்டு மே மாதம் கேஎல்ஐஏ2 என்ற பெயரில் திறக்கப்பட்ட கட்டடம் இன்று இரண்டாம் முனையம் என்று அழைக்கப்படுகிறது. நம் பெற்றோர் பால்மரத்திலும் செம்பனையிலும் வேலை செய்தார்கள். பிள்ளைகளோ அந்த நிலத்தில் எழுந்த விமான நிலையத்துக்கு வேலை தேடிப் போகிறார்கள். இது காலத்தின் மாற்றம். இதை நாம் வரவேற்க வேண்டும்.

விமான நிலைய வேலை என்றால் விமானி, பணிப்பெண் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பயணிகளைப் பதிவு செய்யும் முகப்பு, பெட்டிகளை ஏற்றி இறக்கும் பிரிவு, சரக்குக் கிடங்கு, விமானத்துக்கு உணவு தயாரிக்கும் சமையற்கூடம், துணைப் போலீஸ், ஓடுபாதைப் பக்கத்தில் ஓடும் வாகனங்கள், விமானப் பராமரிப்பு என்று எத்தனையோ பிரிவுகள் உண்டு. சிப்பாங் வரை போக முடியாதவர்களுக்கு நம் மலாக்காவிலேயே பத்து பெரெண்டாம் இருக்கிறது. அங்கே விமான நிலையமும், விமானிப் பயிற்சிப் பள்ளியும், விமான இறக்கைப் பாகங்களைச் செய்யும் தொழிற்சாலையும் உள்ளன.

படிப்பும் உடல் வலுவும் உள்ள நம் பிள்ளைகள் இந்த வேலைகளுக்கு எந்த வகையிலும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் பலர் நேர்முகத் தேர்வில் தோற்பதற்கு முன்பே பத்திரத்தில் தோற்றுவிடுகிறார்கள். இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

ஏன் இத்தனை சோதனை?

மற்ற வேலைக்கும் விமான நிலைய வேலைக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தொழிற்சாலையில் மேலாளர் "வா" என்றால் மறுநாளே வேலைக்குப் போகலாம். விமான நிலையத்தில் நிறுவனம் "வா" என்ற பிறகும், கட்டுப்படுத்தப்பட்ட பகுதிக்குள் நுழையும் பாஸ் கிடைத்தால்தான் உள்ளே போக முடியும். அந்தப் பாஸுக்கு வேலை கொடுக்கும் நிறுவனம்தான் விண்ணப்பிக்கும். விண்ணப்பித்தவரின் பின்னணி சோதிக்கப்படும்.

இது நம் நாட்டின் தனி வழக்கம் அன்று. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ ஒப்பந்தத்தோடு சேர்ந்த 17ஆம் இணைப்பு விமானப் போக்குவரத்தின் பாதுகாப்பைப் பற்றியது. உலகெங்கும் விமானக் கடத்தல்கள் பெருகிய காலத்தில், 1974ஆம் ஆண்டு, அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. கட்டுப்படுத்தப்பட்ட பகுதிக்குள் துணையின்றிச் செல்லும் எவருக்கும் பின்னணிச் சோதனை நடத்த வேண்டும் என்பது அதன் விதி. பொறியியலாளராக இருந்தாலும் சரி, விமானத்துக்குள் குப்பை கூட்டுபவராக இருந்தாலும் சரி, விதி ஒன்றே. நீங்கள் யார், எங்கே பிறந்தீர்கள், எங்கே குடியிருக்கிறீர்கள், உங்கள் மேல் வழக்கு உண்டா என்று பார்ப்பார்கள். அப்போது எல்லாப் பத்திரங்களும் ஒரே ஆளைப் பற்றி ஒரே விதமாகச் சொல்ல வேண்டும்.

என்னென்ன வேண்டும்?

தம்பி, தங்கைகளே, இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, பிறப்புப் பத்திரம். அதில் உள்ள உங்கள் பெயரையும், தாய் தந்தை பெயர்களையும், அவர்களுடைய அடையாளக் கார்டு எண்களையும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய காலம் ஒன்று இருந்தது. ஒரு பத்திரத்தில் 'லெட்சுமி', இன்னொன்றில் 'லட்சுமி'. ஒன்றில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கும், மற்றொன்றில் பாதிதான் இருக்கும். வீட்டில் இது ஒரு பொருட்டல்ல. சோதனை செய்யும் அதிகாரிக்கு இவர்கள் இரண்டு ஆட்கள்.

இரண்டாவது, அடையாளக் கார்டு. 12 வயதில் எடுக்க வேண்டும், 18 வயதானதும் மாற்ற வேண்டும். முகவரியைப் பாருங்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, குடும்பம் தாமானுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். கார்டில் மட்டும் இன்னும் பழைய தோட்டத்து முகவரியே இருக்கும். தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். நிறுவனம் அனுப்பும் கடிதம் இடிந்துபோன லயத்துக்குப் போய் யாருக்கு என்ன பயன்?

மூன்றாவது, கல்விச் சான்றிதழ். பல வேலைகளுக்கு எஸ்.பி.எம். கேட்கிறார்கள். மலாய் மொழியிலும், 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேறியிருந்தால்தான் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்கும். பத்துப் பாடம் எடுத்து இந்த இரண்டில் ஒன்றை விட்டவர்கள், அதை மீண்டும் எழுதித் தேறுவதே முதல் வேலை. பள்ளி விடுகைச் சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள்.

நான்காவது, வாகன உரிமம். உரிமம் இருந்தால் வாய்ப்பு கூடும். ஆனால் விமானம் நிற்கும் பகுதியில் வண்டி ஓட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். அது வேலையில் சேர்ந்த பின் வருவது.

இவற்றையெல்லாம் நகல் எடுத்து, கேட்கும் இடத்துக்குச் சான்றளித்த நகலாகக் கொடுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணமும் அசல் பத்திரமும் கடப்பிதழும் கேட்கும் ஏஜெண்டுகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய், மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய மலேசியர்களைப் பற்றி 2022ஆம் ஆண்டில் பத்திரிகைகளில் நாம் படித்திருக்கிறோம்.

பெயரில் பிழை இருந்தால் என்ன செய்வது? முதலில் பதிவிலாகாவில் திருத்தம் கேட்க வேண்டும். "இந்த இரு பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்று 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுப்பதும் பல இடங்களில் உதவும். அதில் பொய் சொல்வது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதற்கெல்லாம் நாளாகும். ஒரு தம்பி நேர்முகத் தேர்வில் தேறி, வேலைக் கடிதமும் வாங்கிவிட்டான். பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் ஒரு மாதிரி, தந்தையின் கார்டில் வேறு மாதிரி. திருத்தி முடிப்பதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். பசி எடுத்த பிறகு நெல் விதைக்க முடியுமா?

திருத்த முடியாத வரி

எழுத்துப் பிழையைத் திருத்திவிடலாம். அதைவிடப் பெரிய துன்பம் ஒன்று உண்டு.

ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நன்றாகப் படித்த பெண். பயணிகள் முகப்பில் வேலை செய்ய வேண்டும் என்பது அவளுடைய ஆசை. தாய் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த பிறப்புப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். கசங்கல் கூட இல்லை. அதில் குடியுரிமைக்கான இடத்தில் 'புக்கான் வார்காநெகாரா', அதாவது குடிமகன் அல்லர், என்று அச்சிட்டிருந்தது. பதினேழு ஆண்டுகள் அந்தத் தாளைக் கண்ணைப்போல் காத்த தாய்க்கு அந்த வரியின் பொருள் தெரியாது. அவருக்கு மலாய் படிக்கத் தெரியாது. அதை எடுத்துச் சொல்லவும் யாரும் இருந்திருக்கவில்லை.

இது எப்படி நேர்கிறது? இந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்ற நிலை சுதந்திரம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் இருந்தது. 1962ஆம் ஆண்டு செய்த அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு பெற்றோரின் தகுதியையும் பார்க்கிறார்கள். தந்தை குடிமகனாக இருந்தாலும், தாயிடம் தகுந்த பத்திரம் இல்லாமல், பிள்ளை பிறப்பதற்கு முன் திருமணமும் பதிவாகவில்லை என்றால், சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை தாயின் நிலையைத்தான் பெறுகிறது. தந்தையின் குடியுரிமை தானாக வருவதில்லை.

கோயில் மண்டபத்தில் இதைப் பேச வேண்டிய காரணம் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெற்றோர் அம்மன் சந்நிதியில் மாலை மாற்றி, தாலி கட்டி, ஊரறிய மணம் செய்துகொண்டவர்கள். சாமிக்கு முன் நடந்த திருமணம் பதிவேட்டில் ஏறவில்லை. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது முதல், முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்வது கட்டாயம். கோயில் சார்ந்தவர்களை உதவிப் பதிவாளர்களாக நியமிக்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. பதிவுப் பத்திரத்தைப் பார்க்காமல் தாலி எடுத்துக் கொடுப்பதில்லை என்று நம் கோயில்கள் உறுதியாக நின்றால், பிறக்கப்போகும் எத்தனையோ பிள்ளைகளை இந்தத் துன்பத்திலிருந்து காப்பாற்றலாம்.

ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களுக்கு வழியே இல்லையா? உண்டு. அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, வயது வரம்புக்குட்பட்ட பிள்ளைகளைச் சிறப்புச் சூழ்நிலையில் குடிமக்களாகப் பதிவு செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. 2011ஆம் ஆண்டில் மைடஃப்தார் இயக்கமும், 2017ஆம் ஆண்டில் மெகா மைடஃப்தாரும் நம் சமூகத்தின் பத்திரச் சிக்கல்களுக்காகவே நடத்தப்பட்டன. இயக்கங்கள் வரும், போகும். வயது மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். 17 வயதில் வருவதைவிட 7 வயதில் வருவது மேல். பிறந்தவுடனே பார்ப்பது அதைவிட மேல். தீபகற்ப மலேசியாவில் பிள்ளை பிறந்த 60 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பதிவு செய்யும் அன்றே பத்திரத்தை வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். தாயின் மகப்பேற்று அட்டை, பள்ளிப் பதிவுகள், தந்தையின் பத்திரங்கள், அக்கம்பக்கத்தாரின் பிரமாணப் பத்திரங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அவளுடைய தோழிகள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். அவள் ஞாயிறுதோறும் கோயிலுக்கு வந்து என் மேசையில் மற்றவர்களுக்குப் பாரம் நிரப்ப உதவி செய்கிறாள்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்னதானத்துக்கும் கோபுரத் திருப்பணிக்கும் கல்வி நிதிக்கும் நீங்கள் வாரி வழங்குகிறீர்கள். அந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டுகிறேன். பத்திரம் தேடி அலையும் குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி போகிறது. ஜாசினுக்கும் மலாக்காவுக்கும் புத்ராஜெயாவுக்கும் வண்டிச் செலவு ஆகிறது. பிரமாணக் கட்டணம், நகல் கட்டணம், சில வேளைகளில் வழக்கறிஞர் கட்டணமும் உண்டு. ஒவ்வொன்றும் சிறிய தொகைதான். அந்தச் சிறிய தொகை கையில் இல்லாததால்தான் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று பத்து ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. இதற்கென ஒரு சிறு நிதியை அறங்காவலர்கள் ஒதுக்க வேண்டும். நம்மிடையே உள்ள வழக்கறிஞர்களும் ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரிகளும் மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களோடு வந்து உட்கார வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த அறநிதியின் பெயரால் ஒரு கோப்பு கொடுப்போம். பிறப்புப் பத்திரம், பெற்றோரின் திருமணப் பத்திரம், இருவரின் கார்டு நகல் மூன்றையும் அதில் வைக்கச் சொல்வோம். வைக்கும்போதே எது இல்லை, எது பிழை என்று தெரிந்துவிடும். பிள்ளை எஸ்.பி.எம். எழுதுவதற்குள் சரிசெய்யப் பத்து ஆண்டுகள் இருக்கும். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். படிப்பு என்ற சித்திரத்துக்குச் சுவர் இந்தக் கோப்புதான்.

இளைஞர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து உங்கள் பத்திரங்களை எடுத்து விரித்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு என் மேசைக்கு வாருங்கள். அசலோடு ஒரு நகலும் கொண்டு வாருங்கள்.

அன்னை பராசக்தி நம் பிள்ளைகள் அனைவருக்கும் நல்வழி காட்டுவாளாக.