கை ஒன்று, வழிகள் பல
(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியது)

பேங்க் கிளார்க்காக இருந்தவனுக்கு மூளையைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்காதீர்கள். இதுவும் கணக்குதான்.

மேஜை மேல் இருக்கும் டம்ளரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதை அசைக்காமல் முழங்கையை மட்டும் உயர்த்தித் தாழ்த்திப் பாருங்கள். முடிகிறதல்லவா? ஒரு பொருளைப் பிடிக்க இடத்துக்கு மூன்று, கோணத்துக்கு மூன்று என ஆறு அளவுகள் போதும். நம் கையிலோ தோளில் மூன்று, முழங்கையில் ஒன்று, முன்கையைத் திருப்ப ஒன்று, மணிக்கட்டில் இரண்டு என ஏழு அசைவுகள். ஒன்று உபரி! அதனால் ஒரே டம்ளரை எத்தனையோ விதமாக எட்டலாம்.

எந்த விதம் என்பதை மூளை எப்படிக் கவனித்துக்கொள்கிறது? 1982-ல் ஜார்ஜபோலஸ் குழுவினர், குரங்கு கையை நீட்டும் திசைக்கேற்ப அதன் மூளைச் செல்களின் வேகம் கூடிக் குறைவதைக் காட்டினார்கள். அப்படியானால் கை போகும் திசை மட்டும்தான் கணக்கா? 1997-ல் ஸ்காட், கலாஸ்கா என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குரங்குகள் முதலில் இயல்பாகவும், பிறகு முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கியும் அதே குறிகளை எட்டின. கை போன பாதை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இயக்கத்துக்கான மூளைப் பகுதியில் பல செல்களின் செயல்பாடு மாறிவிட்டது. கை சென்ற பாதையோடு, தோளும் முழங்கையும் இருந்த நிலையும் அங்கே பதிவாகிறது.

நம் பாஷையில் சொன்னால், இருப்பு ஒன்றே. லெட்ஜர் பதிவுகள் வேறு.

இதில் நமக்கு என்ன? பக்கவாதம் வந்து தேறிவரும் பலர், கை நீளாதபோது உடம்பையே முன்னால் சாய்த்து டம்ளரை எடுத்துவிடுவார்கள். "கை சரியாகிவிட்டது" என்று வீட்டில் சந்தோஷப்படுவோம். டோட்டல் டேலி ஆனதும் லெட்ஜரை மூடுவது போல! தோளும் முழங்கையும் செய்ய வேண்டியதை முதுகு செய்துகொண்டிருக்கும். அதுவே பழகிவிட்டால், தேறக்கூடிய கைக்கும் வேலை இல்லாமல் போகலாம்.

ஆகவே எடுத்தாரா என்பதோடு, எப்படி எடுத்தார் என்றும் பாருங்கள். முதுகு சாய்கிறதா, தோள் காதுப் பக்கம் ஏறுகிறதா என்று கவனித்து பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள். நீங்களாகக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், தோளுக்குக் கெடுதல்.