தோற்றவர் பெயரையும் எழுதுவோம்

(கோடை டென்னிஸ் போட்டியின் பரிசளிப்பு மாலையில், நம் மொட்டை மாடியில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்னதற்கு ஒரே காரணம், போட்டியில் ஸ்கோர் எழுதியவன் நான். டென்னிஸ் ஆடத் தெரிந்தவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் பேரேடு எழுதிய கை, காகிதமும் பென்சிலும் கண்டால் சும்மா இருக்காது. அவ்வளவுதான்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் சங்கமும் பக்கத்து மூன்று குடியிருப்புகளும் சேர்ந்து, வாடகைக்குக் கிடைத்த ஒரு கோர்ட்டில் இந்தப் போட்டியை நடத்தினோம். 14 வயதுக்கு உட்பட்ட 16 பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். இரண்டு சனி, இரண்டு ஞாயிறு. காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்தோம். அதற்கு மேல் மே மாத வெயிலில் நிற்க முடியாது என்பது வைத்திக்குப்பத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆட்டத்துக்கு ஒரே செட். இறுதி ஆட்டத்தில் நம் பி பிளாக் இரண்டாம் மாடிப் பெண், எட்டாம் வகுப்பு, பக்கத்துக் குடியிருப்பின் ஒன்பதாம் வகுப்புப் பையனை 6-4 என்று வென்றாள். அரையிறுதி ஒன்று 7-5 வரை போனது. பார்த்துக் கொண்டிருந்த பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி வந்துவிட்டார். காலிறுதியில் ஒரு ஆட்டம் நடக்கவில்லை. பையனுக்கு அம்மை போட்டிருந்ததால் வாக்ஓவர்.

அன்று மாலையே லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் பலகையில் நோட்டீஸ் ஒட்டினேன். முதல் இடம் இன்னார், இரண்டாம் இடம் இன்னார். இரண்டே வரி. என் பேரன் முதல் சுற்றில் 0-6 என்று தோற்றிருந்தான். பலகையைப் பார்த்துவிட்டு வந்து, "தாத்தா, நான் ஆடினேனா இல்லையா? என் பேரே இல்லையே" என்றான். சும்மா கேட்டானோ, கோபமாகக் கேட்டானோ தெரியாது. அதற்குப் பிறகு மட்டையை எடுத்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டான். நேற்று வரை கீழே எடுக்கவில்லை.

நோட்டீஸ் எழுதியவன் நான். அதனால் இந்தக் குறை வேறு யார் மேலும் இல்லை, என் மேல்தான். வணிகவியல் படித்தவனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது, ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுத வேண்டும் என்பது. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு டேலி ஆகாது. பதினாறு பேர் ஆடும் போட்டியில் பதினைந்து ஆட்டம், பதினைந்து பேர் தோற்பார்கள். நான் எழுதியது இரண்டு பேரை. மீதிப் பதினான்கு பேரை எந்தக் கணக்கில் வைப்பது?

இதை மனதில் போட்டுக்கொண்டு, பழைய டென்னிஸ் கணக்குகளைப் புரட்ட ஆரம்பித்தேன். விம்பிள்டன் என்று டிவியில் பார்க்கிறோமே, அதுவும் ஒரு கிளப் நடத்தும் கோடைப் போட்டிதான். 1877இல் முதல் போட்டி வைத்தார்கள். 22 பேர் ஆடினார்கள். மட்டக்குதிரை இழுக்கும் தரை உருளை பழுதாகிவிட்டது, அதைச் சரிசெய்யப் பணம் வேண்டும், அதற்காகத்தான் போட்டி வைத்தார்கள் என்று சொல்வார்கள். தண்ணீர் மோட்டார் பழுதானால் நாம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறோமே, அது மாதிரி. இறுதி ஆட்டம் மழையால் தள்ளிப்போய், கடைசியில் சுமார் இருநூறு பேர் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்துப் பார்த்தார்கள். வென்றவர் ஸ்பென்சர் கோர். அடுத்த வருஷம் அவரைத் தோற்கடித்தவர் ஃபிராங்க் ஹேடோ. அவர் இலங்கையில் காபித் தோட்டம் வைத்திருந்தவர், விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஆடினார். வலை அருகே வந்து அடிக்கும் கோரின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டே ஜெயித்துவிட்டு இலங்கைக்குத் திரும்பிவிட்டார். பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள மறு வருஷம் அவர் வரவும் இல்லை.

பிள்ளைகள் கேட்டார்கள், ஏன் 15, 30, 40 என்று எண்ணுகிறோம், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணினால் என்ன என்று. இந்த ஆட்டத்தின் பூர்வீகம் பிரான்ஸ். பந்தை அடிக்கும் முன் எதிராளியைப் பார்த்து 'தெனே' என்று கத்துவார்களாம். நம் பேச்சில் 'இந்தா, பிடி!'. அதுதான் டென்னிஸ் ஆனது என்கிறார்கள். பாரிஸில் நடக்கும் போட்டியில் இன்றும் நடுவர் பிரெஞ்சில்தான் எண்ணுகிறார். சொல்தா குடும்பத்துப் பெரியவர்கள் யாராவது இங்கே இருந்தால் பிள்ளைகளுக்கு அந்த எண்களைச் சொல்லிக் கொடுங்கள், அடுத்த வருஷம் அப்படியே எண்ணலாம்.

நான் முதன்முதலில் டென்னிஸ் பந்தின் சத்தம் கேட்டதே நம் கடற்கரையில்தான். இங்கிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் ஆசிரமத்து டென்னிஸ் மைதானம் வரும். சிறுவனாக மதிலுக்கு வெளியே நின்று டொக், டொக் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஆசிரமத்து அன்னை எழுபது வயதைத் தாண்டியும் மாலை நேரங்களில் அங்கே ஆடியவர். அது நான் பிறப்பதற்கு முன். படங்களில்தான் பார்த்திருக்கிறேன். முழங்கால் வலி என்று லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் அந்தப் படம் நினைவுக்கு வரும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். 1954 ஜூலை. நம் ஊரில் அப்போது பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. நவம்பர் 1ஆம் தேதிதான் இறங்கியது. அந்த ஜூலையில் சென்னையிலிருந்து போன ராமநாதன் கிருஷ்ணன் என்ற 17 வயதுப் பையன் விம்பிள்டனில் சிறுவர் பட்டம் வென்றார். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆள். இறுதி ஆட்டம் 6-2, 7-5. இதுவரை எல்லோருக்கும் தெரியும். தோற்ற பையன் யார்? ஆஷ்லி கூப்பர், ஆஸ்திரேலியா. நான்கே வருஷம் கழித்து, 1958இல், அதே விம்பிள்டனில் பெரியவர்கள் பட்டத்தையே வென்றவர் அந்த கூப்பர். நான் எழுதிய நோட்டீஸ் மாதிரி அன்று ஒரே வரியில் எழுதியிருந்தால் இந்தக் கதை நமக்குக் கிடைத்திருக்குமா?

அதோடு முடியவில்லை. 1958 இறுதியில் கூப்பரிடம் தோற்றவர் நீல் ஃபிரேசர். அந்த ஃபிரேசர்தான் 1960 அரையிறுதியில் நம் கிருஷ்ணனை 6-3, 6-2, 6-2 என்று வென்று, அந்த வருஷப் பட்டத்தையும் எடுத்தார். அந்த இறுதியில் தோற்றவர் ராட் லேவர். அதற்கு முந்தைய வருஷமும் இறுதியில் தோற்றவர் அவர்தான். இரண்டு வருஷம் தொடர்ந்து கடைசி ஆட்டத்தில் தோற்ற ஆள்! மூன்றாம் வருஷம், 1961இல், கிருஷ்ணன் காலிறுதியில் ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று நேர் செட்டில் வென்று அரையிறுதிக்கு வந்தார். அங்கே லேவர் காத்திருந்தார். 6-2, 8-6, 6-2. கிருஷ்ணன் தோற்றார், லேவர் சாம்பியன். கிருஷ்ணனிடம் அடி வாங்கிய எமர்சன் பிறகு 1964, 1965 இரண்டு வருஷமும் விம்பிள்டனை வென்றார்.

பாருங்கள், ஒரே பேரேட்டில் பெயர்கள் பற்றுப் பக்கத்திலிருந்து வரவுப் பக்கத்துக்கும் அங்கிருந்து இங்கேயும் போய்க்கொண்டே இருக்கின்றன. கிருஷ்ணன் அந்தப் பெரிய பட்டத்தைக் கடைசி வரை வெல்லவில்லை. ஆனாலும் 8-6 என்ற அந்த நடு செட்டை எங்கள் அப்பா காலத்து ஆட்கள் டீக்கடையில் நின்று பேசுவார்கள்.

1979இல் நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். கிருஷ்ணனின் மகன் ரமேஷ் அந்த வருஷம் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். என் வயசுப் பையன். எனக்கு அப்போது அட்வான்ஸ்டு அக்கவுண்டன்சியில் அரியர். அதை விட்டுவிடுவோம்.

நான் சொல்ல வந்தது 1987 அக்டோபர். டேவிஸ் கோப்பை அரையிறுதி, சிட்னியில், புல்தரையில். முந்தைய வருஷம் கோப்பையை வென்ற ஆஸ்திரேலியா ஒரு பக்கம். விஜய் அமிர்தராஜ் தலைமையில் நம் அணி மறு பக்கம். விஜய்க்கு அப்போது 33 வயது. 1981 விம்பிள்டன் காலிறுதியில் ஜிம்மி கானர்ஸை இரண்டு செட் முன்னால் நின்று, பிறகு மூன்று செட்டையும் விட்டவர். அந்தத் தோல்வியோடு ஆறு வருஷம் கழித்தும் ஆடிக்கொண்டிருந்தார். சிட்னியில் இரண்டுக்கு இரண்டு சமம். ஐந்தாவது ஆட்டம் ரமேஷ் கிருஷ்ணனுக்கும் வாலி மாசூருக்கும். ரமேஷ் வேகமாக அடிக்கிற ஆள் இல்லை, எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்த ஆள். 8-6, 6-4, 6-4. இந்தியா இறுதிக்குப் போனது. எங்கள் கிளையில் மறுநாள் கவுண்டரில் வாடிக்கையாளர்களும் நாங்களும் அதையே பேசியதில் டோக்கன் வரிசை நகரவே இல்லை.

அன்று ஆஸ்திரேலிய அணியின் கேப்டனாக மைதானத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? 1960இல் ரமேஷின் அப்பாவை வென்ற அதே நீல் ஃபிரேசர். இருபத்தேழு வருஷம் கழித்து மகன் வந்து பதில் வரவு வைத்தார். இந்த இடத்தை நான் தேடிப் பிடித்தபோது இரவு பதினொன்றரை மணி. வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன். வீட்டுக்காரம்மா என்ன சொன்னார்கள் என்பதை இங்கே சொல்ல முடியாது.

இறுதியில் ஸ்வீடனிடம் 0-5 என்று தோற்றோம். அதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நானும் ஒரு பக்கக் கணக்கு எழுதுகிறவன் ஆகிவிடுவேன்.

வாக்ஓவர் கொடுத்த பையன் இன்று தழும்பு மறைந்து வந்திருக்கிறான், அவனுக்காக ஒன்று. 1974இல் இந்திய அணி டேவிஸ் கோப்பை இறுதி வரை வந்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. அங்கே கருப்பர்களை ஒதுக்கி வைத்த ஆட்சி நடந்த காலம். ஆட மாட்டோம் என்று இந்தியா விட்டுக் கொடுத்தது. விஜய்யும் ஆனந்தும் நல்ல ஆட்டத்தில் இருந்த நேரம். கோப்பை கைக்கு எட்டியிருக்கலாம். கணக்கில் இன்றும் வாக்ஓவர் என்றுதான் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை இருக்கிறது பாருங்கள். உனக்கு அம்மை, தம்பி. அதையும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறேன்.

என் பேரனின் 0-6க்கும் வருகிறேன். ஸ்கோர் தாள் என்னிடம்தான் இருக்கிறது. ஆறு கேமில் நான்கு, தியூஸ் வரை போயிருக்கிறது. மூன்றாவது கேமில் மட்டும் ஐந்து தியூஸ். ஆட்டம் நடந்தது 38 நிமிடம். போட்டியிலேயே இரண்டாவது நீளமான ஆட்டம் அது. பாஸ்புக்கில் கடைசி வரியில் மீதி பூஜ்யம் என்று இருந்தால், மேலே எவ்வளவு பணம் வந்து போயிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நானே பார்க்கவில்லை, அவன் கேட்ட பிறகுதான் தாளை எடுத்தேன்.

ஆகவே செயலாளரிடம் ஒரு விண்ணப்பம் வைத்தேன். காலாண்டு இதழில் முழு முடிவையும் போட வேண்டும், பதினைந்து வரி, வரிக்கு இரண்டு பெயர். இடம் போதாது என்றார். கார் பார்க்கிங் பற்றிய மூன்று பக்கச் சுற்றறிக்கையைக் கொஞ்சம் சுருக்கினால் போதும் என்றேன். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். லிஃப்ட் பலகையில் பழைய நோட்டீஸைக் கிழித்துவிட்டுப் புதியதை இன்று காலையே ஒட்டிவிட்டேன்.

பரிசு கொடுப்பதற்கு முன் அந்தப் பட்டியலை இப்போது வாசிக்கிறேன். பெயர் சொல்லும்போது ஆடிய இரண்டு பேரும் சேர்ந்தே முன்னால் வரவும். பெரியவர்கள் இருவருக்கும் கை தட்டவும். என் பேரன் கீழே படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கிறேன். யாராவது அவனைக் கூப்பிடுங்கள். முதல் சுற்று, முதல் ஆட்டம் அவனுடையது.