மழலைக்கு மறுமொழி சொல்லுங்கள்

(இலண்டன் வாழ் தமிழ்ப் பெற்றோர்க்கும் இளையோர்க்குமான உரை)



மட்டக்களப்பில் தமிழோடு அருகருகே வாழ்ந்துவரும் சிறுமொழி ஒன்று உண்டு. பறங்கியர் சமூகத்தின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியே அது. 1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் 1658 இல் தம் ஆட்சியை முற்றாக இழந்தனர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து ஆண்டனர். ஆயினும் அம்மொழி மறையவில்லை. தச்சர், கொல்லர், தையற்காரர் ஆகியோரின் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக அது பேசப்பட்டது.

அது தூய்மை பேணிய மொழியன்று. தமிழைப் போலவே வினைச்சொல்லை வாக்கியத்தின் இறுதியில் வைக்கிறது; பெயருக்குப் பின்னே வேற்றுமை உருபைச் சேர்க்கிறது. அக்கலப்பு அதனைக் கொல்லவில்லை. கல்வியும் தொழிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைந்தபோது, பெற்றோர் பலர் பிள்ளைகளோடு வீட்டிலும் அவற்றையே பேசலாயினர். அதனாலேயே அது நலிந்தது. இன்று அதனைச் சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியவர்களே. அங்கே சிறுமொழியின் இடத்தைப் பிடித்த பெருமொழிகளுள் தமிழும் ஒன்று என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

இலண்டனில் நிலைமை தலைகீழானது. இங்கே பெருமொழி ஆங்கிலம். தமிழ் வீட்டு மொழி மட்டுமே. இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழைத் தம் முதன்மை மொழியாகக் குடிசன மதிப்பீட்டில் குறித்துள்ளனர். ஆயினும் ஒரு மொழியின் உயிர்ப்பை அளக்க, யுனெஸ்கோவின் வல்லுநர் குழு 2003 இல் வகுத்த ஒன்பது காரணிகளுள் முதலாவது, பேசுவோர் தொகையன்று; பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மொழி செல்கிறதா என்பதே.

2002 இல் இலண்டனின் கீழைத்தேய, ஆபிரிக்க ஆய்வுக் கல்லூரியில், அழியும் மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டம் தொடங்கியது. பறங்கியரின் குரல்களும் அதன் ஆவணகத்தில் சேர்ந்தன. 2021 இல் அத்திட்டம் பெர்லினுக்கு மாறியது. ஆவணகம் குரலைக் காக்கும், குழந்தையோடு உரையாடாது.

பெற்றோர்களே! பிள்ளை ஆங்கிலம் கலந்து தமிழ் பேசினால் நகைக்காதீர்கள். நகைப்புக்கு அஞ்சிய பிள்ளை தமிழில் வாய் திறவாது. அது சொன்னதற்கு மறுமொழி கூறுங்கள்; தெரியாத சொல்லை அம்மறுமொழியிலேயே எடுத்துக் கொடுங்கள்.

இளையோர்களே! அம்மாவுக்குத் தமிழும் தம்பி தங்கையர்க்கு ஆங்கிலமும் என்று பிரிக்காதீர்கள். உடன்பிறந்தோர் தமக்குள் பேசாத மொழி அடுத்த தலைமுறைக்குச் செல்வது அரிது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி எழுத்தைக் கற்பிக்கும். எஞ்சிய ஆறு நாட்களின் பேச்சு உங்கள் இல்லத்தின் பொறுப்பு.