அறுபதுக்குப் பின்னும் அமல்கள் உண்டு

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே! அவனது ஸலாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

  

வளைகுடா நாடுகளில் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தவர்கள், மக்களையெல்லாம் கரைசேர்த்துவிட்டுத் தனித்திருக்கும் தாய்மார்கள் என நம் மஹல்லாக்களில் எத்தனையோ பேர் உள்ளனர். அவர்களுள் பலரது வாயிலிருந்து, "இனி நமக்கென்ன இருக்கிறது?" என்ற சொல் வருவதைக் கேட்கிறோம். பணிவைப் போலத் தோன்றினாலும், இது அல்லாஹ் தந்திருக்கும் அவகாசத்தை வேண்டாம் என்று ஒதுக்குகிற சொல்லாகும்.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களுக்கு வஹீ அருளப்பட்டது 40ஆம் வயதில். பிறந்த மண்ணைத் துறந்து ஹிஜ்ரத் செய்து, மதீனாவில் ஒரு சமுதாயத்தையே உருவாக்கத் தொடங்கியபோது அவர்களின் வயது ஐம்பதைக் கடந்திருந்தது. முதுமை தளர்த்தி, தலை நரைத்த நிலையிலும் ஸகரிய்யா (அலை) அவர்கள் நம்பிக்கை இழக்காமல் துஆச் செய்ததை மர்யம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அந்த துஆவுக்கு விடையாகவே யஹ்யா (அலை) அவர்கள் பிறந்தார்கள்.

அறுபது வயதுவரை அவகாசம் அளிக்கப்பட்ட மனிதர் இறைவனிடம் சாக்குச் சொல்ல இடமில்லை என்ற கருத்தில் புகாரியில் ஒரு நபிமொழி உள்ளது. இது எச்சரிக்கை மட்டுமன்று. அந்த வயதிலும் செய்ய வேண்டியதும் செய்ய முடிந்ததும் உண்டு என்ற அறிவிப்புமாகும். கையில் பேரீச்சங்கன்று இருக்கும்போது மறுமை நாளே வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடுமாறு பணித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். அதன் கனியைத் தான் உண்போமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

அன்பானவர்களே! முதுமையில் நாம் தேர்ந்துகொள்ள வேண்டியவற்றுள் முதலாவது, கல்வி. இளமையில் குர்ஆன் ஓதப் பழகாமல் போனவர்கள் நம்மிடையே உண்டு. பேரப்பிள்ளையின் வயதுடைய சிறுவர்களோடு அமர்ந்து எழுத்துக் கூட்டுவதற்கு வெட்கப்பட்டே வாழ்நாளைக் கழித்துவிடுகின்றனர். தட்டுத்தடுமாறிச் சிரமத்துடன் ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கும்போது வெட்கம் எதற்கு? இன்று மஃரிபுக்குப் பின் இமாமை அணுகி, "எனக்கு அலிஃப், பா சொல்லித் தாருங்கள்" என்று கேளுங்கள்.

இரண்டாவது, கணக்கைச் சீர்செய்தல். கொடுக்க வேண்டிய கடன்களை எழுதி வையுங்கள்; இயன்றவற்றை இப்போதே அடைத்துவிடுங்கள். சொத்து விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுங்கள். "மகளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டோமே" என்று கூறி, வீட்டை மகன்கள் பெயரில் மட்டும் எழுதி வைப்போர் உள்ளனர். நுஃமான் (ரலி) அவர்களுக்கு அவர்களின் தந்தை பஷீர் (ரலி) அவர்கள் ஓர் அன்பளிப்பை வழங்கி, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதி செலுத்துமாறு அறிவுறுத்தினார்கள். பஷீர் (ரலி) அவர்கள் அந்த அன்பளிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஐம்பது ஆண்டுகள் தொழுத ஒருவர், ஒரே ஒரு பத்திரத்தால் தம் மகளின் கண்ணீருக்குப் பொறுப்பாளியாகிவிடலாமா? ஏற்கனவே அப்படி எழுதியிருப்பீர்களாயின், மூச்சு உள்ளபோதே ஆலிம்களிடம் கேட்டுச் சரிசெய்யுங்கள்.

மூன்றாவது செய்தி பிள்ளைகளுக்கு. தாயை இழந்தபின் தனித்துவிட்ட தந்தையோ, தந்தையை இழந்தபின் தனித்துவிட்ட தாயோ மறுமணத்தை நாடினால், "ஊர் என்ன பேசும்?" என்று கூறி வாயடைத்துவிடுகிறீர்கள். துணையற்றோருக்கு மணமுடித்து வைக்குமாறு அந்நூர் அத்தியாயம் 32ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அங்கு வயது வரம்பு ஏதும் கூறப்படவில்லை. கதீஜா (ரலி) அவர்களும் கைம்பெண்ணாக இருந்தே நபியவர்களை மணந்தார்கள். மார்க்கம் அனுமதித்த வாசலை ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி அடைத்துவிடாதீர்கள். முதியவர் குர்ஆன் ஓதத் தடுமாறினால் சிரிக்காதீர்கள். அருகில் அமர்ந்து துணை செய்யுங்கள்.

பெரியோர்களே! இன்று காலை நாம் கண் விழித்ததே ஒரு புதிய அவகாசம். "இனி என்ன இருக்கிறது?" என்பதை விட்டுவிட்டு, "இன்று என்ன செய்யலாம்?" என்று கேட்போம்.

வல்ல அல்லாஹ் நம் வயதில் பரக்கத்தையும், அமலில் இக்லாஸையும் தந்து, ஈமானுடன் நம் இறுதி மூச்சை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.