உயிரணுவுக்குள் ஒரு கிரிவலம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரமணாசிரமம் பக்கத்தில், செங்கம் சாலையில் எங்கப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார். அவருக்குச் சர்க்கரை நோய். வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. இன்சுலின் பாட்டிலை ஈர மணல் போட்ட பானைக்குள் வைப்போம். "இதை எப்படிடா செய்யறாங்க?" என்று ஒருநாள் கேட்டார். அப்போது இந்தக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. மருந்து ஆலையில் பொறியாளராகச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பதில்தான் இன்றைய என் பேச்சு.

கணையத்தின் பீட்டா செல்லில் ரைபோசோம் என்ற தறி, 110 அமினோ அமிலங்களைக் கோத்து ஒரு சங்கிலி நெய்கிறது. அந்தத் தறியின் அமைப்பை ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், நம்ம சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். சங்கிலியின் முதல் 24 அமினோ அமிலங்கள் விலாசம் மாதிரி. அதைப் பார்த்துத்தான் எண்டோபிளாச வலைக்குள் அனுமதி. இந்த விலாச முறையைக் கண்டு சொன்ன குந்தர் புளோபெலுக்கு 1999-இல் நோபல் கிடைத்தது. உள்ளே வந்ததும் விலாசம் வெட்டப்படும், மீதி 86. அது சரியாக மடிந்து, மூன்று கந்தகப் பிணைப்புகளால் பூட்டப்பட வேண்டும். மடிப்புத் தவறினால் செல் அதை மேலே அனுப்பாது. வெளியே இழுத்துச் சிதைத்துவிடும்.

சரியாக மடிந்தது நுண்பைகளில் ஏறிக் கோல்கை உறுப்புக்குப் போகும். 1898-இல் இத்தாலியின் கமில்லோ கோல்கி கண்டறிந்தது இது. தட்டையான பைகளின் அடுக்கு. நம்ம கிரிவலம் 14 கிலோமீட்டரும் ஒரே திசையில்தானே? இங்கும் அப்படித்தான், ஒரு முகத்தில் நுழைந்து மறுமுகத்தில் வெளியேற வேண்டும். வலையிலேயே இருக்க வேண்டிய புரதம் தவறி வந்துவிட்டால், திருப்பி அனுப்பவும் வண்டி உண்டு! கடைசியாக, புறப்படும் பைக்குள் நடுத்துண்டு வெட்டப்பட்டு, 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் தயாராகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் பை செல் சவ்வோடு இணைந்து திறந்துகொள்ளும்.

பாக்டீரியாவில் இந்த வலையும் இல்லை, கோல்கையும் இல்லை. அதில் இன்சுலின் செய்தால், கட்டியாகக் கிடக்கும் புரதத்தைக் கரைத்து, மடித்து, வெட்டுவது எங்கள் பாடு. ஈஸ்டில் இரண்டும் உண்டு. பெங்களூரு பயோகான் 2004-இல் பிக்கியா என்ற ஈஸ்ட் வழியாகச் செய்த இன்சுலினை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பேட்ச் சரியாக மடியவில்லை. "கொஞ்சம்தானே மேடம், அடுத்த பேட்சோடு கலந்துடலாமே?" என்று நான்தான் கேட்டேன். சோதனைக்கூடத்து அம்மா நிமிர்ந்து பார்த்தார். "உங்க அப்பாவுக்கு இதைப் போடுவீங்களா தம்பி?" என்றார். எனக்கு மணல் பானை ஞாபகம் வந்தது. முழுவதையும் கொட்டினோம்.

தம்பி தங்கைகளே, செல்லுக்கு மேலதிகாரி கிடையாது, டெஸ்பாட்ச் அவசரமும் கிடையாது. ஆனாலும் தவறியதை அது விடுவதில்லை. நீங்கள் எங்கே வேலைக்குப் போனாலும் கையெழுத்துப் போடும் முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இந்தப் பதிலைச் சொல்லிவிட்டேன். "அவ்வளவு வேலையாடா!" என்றார்.