மண்ணுக்குரியவர் பெயரைச் சொன்னால் போதுமா?

(மும்பையில் நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கனடாவில் இன்று பள்ளிக்கூடமானாலும் நகரமன்றமானாலும் பொதுக்கூட்டமானாலும் முதலில் ஒரு வாசகத்தைச் சொல்லித் தொடங்குகிறார்கள். “நாம் கூடியிருக்கும் இந்த மண் இன்ன பூர்வகுடி மக்களுடையது, இன்ன உடன்படிக்கைக்கு உட்பட்டது” என்பதே அதன் சாரம். டொராண்டோவில் குடியேறிய ஈழத் தமிழரின் பிள்ளைகளும் பள்ளியில் இதைக் கேட்கிறார்கள். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த கொடுமையை விசாரித்த ஆணையம் 2015-இல் தன் அறிக்கையை முடித்தது. அதன் பிறகே இந்த வழக்கம் நாடெங்கும் பரவியது.

உடன்படிக்கை என்றால் என்ன? இரு தரப்பும் கொடுத்த வாக்கு. 1763-இல் பிரிட்டிஷ் மன்னர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பூர்வகுடிகளின் நிலத்தைத் தனியார் யாரும் வாங்கக்கூடாது. அவர்களின் பொதுச்சபையைக் கூட்டி, அவர்கள் சம்மதத்தோடு அரசுதான் வாங்கவேண்டும் என்பது விதி. விதி நல்ல விதிதான். நடந்தது என்ன?

டொராண்டோவையே எடுத்துக்கொள்வோம். அங்கே மிசிசாகா மக்களிடம் 1787-இல் நிலம் வாங்கியதாகச் சொன்னார்கள். பின்னர் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அது வெற்றுப் பத்திரம்! தலைவர்களின் குறிகளைத் தனித்தாளில் வாங்கி அதில் ஒட்டியிருந்தார்கள். 1805-இல் மறுபடியும் எழுதி 2,50,830 ஏக்கருக்கு 10 ஷில்லிங் கொடுத்தார்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கும் வித்தை கங்காணியையும் வட்டிக்காரனையும் பார்த்த நமக்குப் புதிதா? அந்த மக்கள் விடவில்லை. 2010-இல் கனடா அரசு 14.5 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது.

இன்னொன்று கேளுங்கள். ஹியூரான், சுப்பீரியர் ஏரிகளின் வடகரையில் 1850-இல் ராபின்சன் உடன்படிக்கைகள் ஏற்பட்டன. அரசுக்கு நட்டமில்லாமல் நிலத்தின் வருவாய் இடங்கொடுத்தால், பூர்வகுடிகளுக்கு ஆண்டுதோறும் தரும் தொகையும் உயரும் என்பது வாக்கு. 1875-இல் அது தலைக்கு 4 டாலர் ஆயிற்று. அதோடு நின்றுவிட்டது! சுரங்கமும் மரமும் கோடிகோடியாய்க் கொட்டின. நிலத்துக்காரர் கையில் அதே 4 டாலர். 2023-இல் ஹியூரான் பக்கத்து மக்களுக்குக் கடந்தகால பாக்கிக்காக 1,000 கோடி டாலர் தர அரசுகள் இணங்கின. 2024-இல் கனடாவின் உச்சநீதிமன்றம், அரசு தன் வாக்கையே கேலிக்கூத்தாக்கிவிட்டது என்று கண்டித்தது.

மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதியில் எந்த உடன்படிக்கையும் செய்யவே இல்லை. அதனால் அங்கே “விட்டுக்கொடுக்கப்படாத மண்” என்றே சொல்கிறார்கள். ஆக, அந்த வாசகம் வெறும் வணக்கம் அல்ல. கடன் பாக்கியை ஒப்புக்கொள்வது. ஒப்புக்கொண்டவன் கொடுக்கவும் வேண்டும் அல்லவா? வாசகத்தைப் படித்துவிட்டு, பூர்வகுடி ஊர்களை ஆண்டுக்கணக்காகத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவிட்டால் அது யாருக்கு மரியாதை? இந்தக் கேள்வியைப் பூர்வகுடிகளே கேட்கிறார்கள்.

“இது நமக்கெதற்கு?” என்று சிலர் நினைக்கலாம். 1960களின் கடைசியில் இந்நகரில் “மண்ணின் மைந்தர்” முழக்கம் எழுந்தபோது அடிபட்டவர்கள் நாம். ஆகவே மண்ணுக்குரியவர் என்ற பேச்சே நமக்கு அச்சம் தரும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அந்த முழக்கம் உழைக்க வந்தவனை விரட்டச் சொன்னது. உடன்படிக்கையோ வந்தவனும் இருந்தவனும் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று எழுதியது. கனடாவில் குடியேறியவருக்கு அங்கே வாழும் உரிமையே அந்த ஒப்பந்தங்களிலிருந்து வருகிறது என்று பலர் எடுத்துச் சொல்கிறார்கள். வழக்கு, வாக்கை மீறிய அரசின் மீது.

நம் திருநெல்வேலி மக்கள் தோல் தொழிலுக்குத் தாராவி வருமுன்பே அங்கே மீன்பிடித்தவர்கள் கோலிகள். தாராவி கோலிவாடா இன்றும் இருக்கிறது. ஆரேயில் வார்லி ஆதிவாசிகளின் பாடாக்கள் இருக்கின்றன. வனவாசிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டபின் பட்டா கையில் வந்ததா என்று கேட்பது அவர்கள் வேலை மட்டுமல்ல, நம் வேலையும்தான்.

எழுதிக்கொடுத்த கூலியை முதலாளி தரவேண்டும் என்று கேட்கும் நாம், எழுதிக்கொடுத்த நிலத்தை அரசு தரவேண்டும் என்று அவர்கள் கேட்கும்போது பக்கத்தில் நிற்கவேண்டும். இதற்காக நம் கிளைகள் அவர்களின் கூட்டங்களுக்குப் போகவேண்டும், நம் கூட்டங்களுக்கு அவர்களை அழைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.